அயல்நாட்டுத் தீர்வையும் நம்மூர் இறால் குட்டையும்

(வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர்)

கடலோரக் கிராமம் ஒன்றில் நடைபெற்றுவந்த சாலைப் பணியைப் பார்வையிடச் சென்றிருந்தேன். வேலையைப் பார்த்துவிட்டுத் திரும்பும் வேளையில், இறால் குட்டையின் கரையில் நின்றிருந்த முதியவர் ஒருவர் என்னை நிறுத்தி ஒரு கேள்வி கேட்டார்.

"ஐயா, போன பிடிப்பில் கொடுத்த விலையை இந்தப் பிடிப்பில் வியாபாரி கொடுக்கவில்லை. கேட்டால், அமெரிக்காவில் வரி போட்டுவிட்டார்கள் என்கிறார். நான் என் ஊரில், என் நிலத்தில், கடன் வாங்கி இறால் வளர்க்கிறேன். எங்கேயோ இருக்கும் அரசாங்கம் என் குட்டைக்கு எப்படி வரி போட முடியும்?"

அன்று அவருக்கு நான் கூறிய விடை எனக்கே திருப்தி அளிக்கவில்லை. இறால் வளர்ப்போருக்கு மட்டுமன்றி, பட்டுக்கூடு உற்பத்தி செய்வோர், நெசவாளர், கரும்பு பயிரிடுவோர் ஆகிய பலருக்கும் இக்கேள்வி ஒருநாள் எழக்கூடும். ஆகவே, அதற்குரிய விடையைச் சற்று விரிவாக இங்கே எடுத்துரைக்க விரும்புகிறேன்.

பொருட்குவிப்பு என்றால் என்ன?

ஒரு நாட்டிலிருந்து வரும் சரக்கின்மீது சாதாரணமாக விதிக்கப்படும் சுங்க வரி யாவரும் அறிந்ததே. அதற்கு மேலாக இருவகைத் தனித் தீர்வைகள் உண்டு. ஒன்று பொருட்குவிப்புத் தடுப்புத் தீர்வை; வியாபார வழக்கில் இதனை 'ஆண்டி டம்பிங்' என்பர். மற்றொன்று மானிய ஈட்டுத் தீர்வை. முன்னது வியாபாரியின் விலையை நோக்கியது. பின்னது அவ்வியாபாரிக்கு அவனுடைய அரசாங்கம் அளிக்கும் உதவியை நோக்கியது.

ஓர் உற்பத்தியாளன் தன் நாட்டில் 100 ரூபாய்க்கு விற்கும் பொருளை அயல்நாட்டில் 80 ரூபாய்க்கு விற்பானாயின், அதுவே பொருட்குவிப்பு எனப்படும். வித்தியாசம் 20 ரூபாய். அதனை ஏற்றுமதி விலையாகிய 80 ரூபாயோடு ஒப்பிட்டால் 25 சதவிகிதமாகும். இறக்குமதி செய்யும் நாடு அந்த 25 சதவிகிதம் வரை தனித் தீர்வை விதிக்கலாம். உள்நாட்டு விற்பனை மிகச் சிறிதாக இருந்தால், அதாவது ஏற்றுமதியில் 5 சதவிகிதத்திற்கும் குறைவாக இருந்தால், வேறொரு நாட்டிற்கு விற்ற விலையையோ, உற்பத்திச் செலவுடன் நியாயமான இலாபம் சேர்த்துக் கட்டிய விலையையோ அளவுகோலாகக் கொள்வர். விளைச்சலின் பெரும்பகுதி கடல் கடந்து செல்லும் இறாலைப் போன்ற பண்டத்திற்கு இவ்விதி முக்கியமானது.

தன் ஊரில் அதிக விலைக்கு விற்பவன் அயலூரில் ஏன் குறைத்து விற்க வேண்டும்? 1923-ஆம் ஆண்டில் ஜேக்கப் வைனர் என்னும் பொருளாதார அறிஞர் இப்பொருள் பற்றித் தனி நூலே எழுதினார். எப்பொழுதேனும் நிகழ்வது, சில காலம் நீடிப்பது, நெடுங்காலம் நிலைப்பது என்று பொருட்குவிப்பை அவர் வகைப்படுத்தினார். தேங்கிய சரக்கைக் கழித்துக்கட்டச் சிலர் விலை குறைப்பர். ஆலையை மூடிவைப்பதைக் காட்டிலும் கூலியும் மூலப்பொருட் செலவுமாவது தேறினால் போதும் என்று மந்த காலத்தில் சிலர் விற்பர். உள்நாட்டில் போட்டியில்லாமையால் அங்கே விலையை ஏற்றி, போட்டி மிகுந்த அயல்நாட்டில் குறைப்பவரும் உளர். இவற்றுள் எதிலும் பிறரைக் கெடுக்கும் நோக்கம் இருந்தே தீரும் என்பதில்லை.

ஆனால் வேறொரு வகையும் உண்டு. வெளியூர் வியாபாரி ஒருவன் நம் வாரச் சந்தைக்கு வந்து, நட்டத்திற்கு விற்று, உள்ளூர்க் கடைக்காரர்கள் கடையை மூடிய பிறகு விலையை இருமடங்காக்குவான் என்று வைத்துக்கொள்வோம். இதற்கே மக்கள் அஞ்சுகின்றனர். இந்த அச்சம் எப்பொழுது நியாயமானது? அவ்வியாபாரி ஒருவனே சந்தையை ஆளக்கூடிய நிலையில்தான். பத்து ஊர்களிலிருந்து பத்து வியாபாரிகள் வருவார்களாயின், ஒருவன் விலையை ஏற்றும்பொழுது மற்ற ஒன்பது பேரும் அவனைக் கீழே இறக்கிவிடுவர். எனவே, மலிவு விலை யாவும் சூழ்ச்சி என்று கொள்வது தவறு. மலிவு விலை யாவும் நன்மை என்று கொள்வதும் தவறு. சட்டமோ இவ்வேறுபாட்டை ஆராய்வதில்லை. உள்நாட்டு விலைக்கும் ஏற்றுமதி விலைக்கும் உள்ள இடைவெளியை மட்டும் அளக்கிறது.

1904-ஆம் ஆண்டில் கனடா நாடு இத்தகைய தீர்வைக்கென முதன்முதலாகச் சட்டம் இயற்றியது. அமெரிக்க எஃகு தன் நாட்டில் மலிவாகக் குவிவதைத் தடுப்பது அதன் நோக்கங்களில் ஒன்று. 1947-ஆம் ஆண்டின் காட் உடன்படிக்கை தனது ஆறாவது விதியில் இவ்விரு தீர்வைகளையும் அனுமதித்தது. 1995 ஜனவரி முதல் நாளிலிருந்து உலக வர்த்தக அமைப்பின் உடன்படிக்கைகள் இவற்றை ஒழுங்குபடுத்தி வருகின்றன.

சர்க்கரை கற்பித்த பாடம்

மானிய ஈட்டுத் தீர்வை நம் நாட்டிற்குப் புதிதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஜெர்மனியும் ஆஸ்திரிய-ஹங்கேரியும் தம் பீட்ரூட் சர்க்கரையை ஏற்றுமதி செய்வோருக்குப் பொக்கிஷத்திலிருந்து ஊக்கத்தொகை வழங்கின. அச்சர்க்கரை இந்தியத் துறைமுகங்களில் மலிவாக வந்து இறங்கியது. கர்சன் பிரபு வைசிராயாக இருந்தபொழுது, 1899-ஆம் ஆண்டில், அந்த ஊக்கத்தொகைக்கு ஈடாகத் தீர்வை விதிக்கும் சட்டம் இந்தியாவில் இயற்றப்பட்டது. பின்னர் 1902-ஆம் ஆண்டில் பிரஸ்ஸல்ஸ் நகரில் பல நாடுகள் கூடி, சர்க்கரைக்கு ஊக்கத்தொகை அளிப்பதை நிறுத்துவதென உடன்பட்டன.

இதில் ஒரு நுட்பம் உண்டு. அயல்நாட்டு வரிசெலுத்துவோர் தம் பணத்தைப் போட்டு நமக்கு மலிவாகச் சர்க்கரை தருவாராயின், சர்க்கரையை வாங்கி உண்பவருக்கு அஃது ஒரு கொடை. கரும்பு விளைத்து வெல்லம் காய்ச்சும் குடியானவருக்கோ அது பேரிடி. அவர் எதிர்கொள்வது மற்றொரு குடியானவரின் உழைப்பை அன்று, ஓர் அரசாங்கத்தின் பொக்கிஷத்தை. வாங்குபவர் மகிழ்வதும் விளைப்பவர் வாடுவதும் ஒரே விலையினால்தான். தீர்வை விதித்தால் இருவர் நிலையும் தலைகீழாகும். இவ்வுண்மையை மனத்திற் கொண்டாலன்றி, இத்தீர்வைகளின் பொருளாதாரத்தைப் புரிந்துகொள்ள இயலாது.

சட்டம் கேட்கும் மூன்று கேள்விகள்

பொருட்குவிப்பு நிகழ்ந்ததா, அல்லது மானியம் அளிக்கப்பட்டதா என்பது முதற் கேள்வி. உள்நாட்டுத் தொழிலுக்குக் கணிசமான பாதிப்பு உண்டா என்பது இரண்டாவது. அப்பாதிப்பு இவ்விறக்குமதியால்தான் நேர்ந்ததா என்பது மூன்றாவது. மூன்றுக்கும் 'ஆம்' என்ற விடை கிடைத்தால்தான் தீர்வை விதிக்கலாம். பொருட்குவிப்பின் அளவு 2 சதவிகிதத்திற்குக் குறைவாக இருந்தால் வழக்கைக் கைவிட வேண்டும். ஒரு நாட்டிலிருந்து வரும் சரக்கு மொத்த இறக்குமதியில் 3 சதவிகிதத்திற்குக் குறைவாயின், பொதுவாக அந்நாட்டைச் சேர்ப்பதில்லை. விதித்த தீர்வை ஐந்தாண்டுகளில் முடிவுறும். மறுபரிசீலனையில் தேவை மெய்ப்பிக்கப்பட்டால் நீட்டிக்கப்படும்.

நம் நாட்டில் 1975-ஆம் ஆண்டின் சுங்கத் தீர்வைச் சட்டத்தில் இவற்றுக்கு இடமுண்டு. மத்திய வர்த்தக அமைச்சகத்தைச் சேர்ந்த, வர்த்தகப் பரிகாரங்களுக்கான தலைமை இயக்குநரகம் விசாரித்துப் பரிந்துரைக்கும். விதிப்பதும் மறுப்பதும் நிதி அமைச்சகத்தின் பொறுப்பு. உலகில் இத்தீர்வையை மிகுதியாகக் கையாளும் நாடுகளில் இந்தியாவும் ஒன்று.

இம்மூன்று கேள்விகளில் இடம்பெறாத நான்காவது கேள்வி ஒன்றுண்டு: தீர்வையின் சுமையை யார் தாங்குவர்? உலக உடன்படிக்கை அதனைக் கட்டாயமாகக் கேட்பதில்லை. பொருளைப் பயன்படுத்துவோர் தம் கருத்தைத் தெரிவிக்க வாய்ப்பளிக்கிறது, அவ்வளவே.

இறால் வழக்கின் வரலாறு

முதியவரின் கேள்விக்கு இப்பொழுது வருவோம். அமெரிக்க ஐக்கிய நாட்டின் தென்கரை மாநிலங்களாகிய லூசியானா, டெக்சாஸ் முதலியவற்றில் படகில் சென்று இறால் பிடிப்போர் பலர் உள்ளனர். டீசல் செலவு செய்து கடலில் பிடிக்கும் அவர்களுடைய இறால், ஆசிய நாடுகளின் குட்டைகளில் வளர்ந்த இறாலின் விலையோடு போட்டியிட முடியாமல் தவித்தது. 2003 டிசம்பர் 31 அன்று அவர்கள் தம் அரசாங்கத்திடம் மனுச் செய்தனர். இந்தியா, சீனா, தாய்லாந்து, வியட்நாம், ஈக்வடார், பிரேசில் ஆகிய ஆறு நாடுகள்மீது அம்மனு தொடுக்கப்பட்டது. 2005 பிப்ரவரியில் தீர்வை அமலுக்கு வந்தது. தனியாக விசாரிக்கப்படாத இந்திய ஏற்றுமதியாளருக்கு அப்பொழுது விதிக்கப்பட்ட விகிதம் 10.17 சதவிகிதம்.

அந்த வழக்கு முடிவை எய்தும் தறுவாயில், 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை நாகப்பட்டினக் கரையைத் தாக்கியது. பேரலையினால் இந்திய, தாய்லாந்து இறால் தொழிலின் நிலைமை மாறிவிட்டதா, தீர்வையை நீக்கலாமா என்று அந்நாட்டுச் சர்வதேச வர்த்தகக் கமிஷன் 2005-இல் தனியே ஆராய்ந்தது. நவம்பரில், நீக்க வேண்டியதில்லை என்று முடிவு செய்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் கத்ரீனாப் புயல் லூசியானாக் கரையைச் சூறையாடியிருந்தது. இரு கரைகளிலும் வாழ்விழந்தவர்கள் இறாலை நம்பியிருந்த எளிய மக்களே. ஒரு கரையின் துயரம் மறு கரையின் வழக்கை வெல்லவில்லை.

அமெரிக்கச் சுங்கத் துறை, இறால் இறக்குமதியாளர் தீர்வையுடன் பெருந்தொகைக்கு உத்தரவாதப் பத்திரமும் அளிக்க வேண்டுமென்று விதித்தது. இந்தியா உலக வர்த்தக அமைப்பில் முறையிட்டது. 2008 ஜூலையில் மேல்முறையீட்டுக் குழு இந்தியாவுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. வசூலான தீர்வையை, மனுச் செய்த உற்பத்தியாளருக்கே பகிர்ந்தளிக்கும் சட்டமொன்று 2000-ஆம் ஆண்டு முதல் அந்நாட்டில் இருந்தது. வழக்குத் தொடுப்பவருக்குத் தீர்வையும் கிடைக்கும், தீர்வைப் பணமும் கிடைக்கும் என்றால் வழக்குகள் பெருகுவது இயல்பன்றோ? இந்தியா உள்ளிட்ட பல நாடுகள் முறையிட்டு 2003-இல் வெற்றி பெற்றன. 2006-இல் அச்சட்டம் நீக்கப்பட்டது.

பின்னர் மானியம் பற்றிய வழக்குகள் எழுந்தன. 2013-இல் நடந்த விசாரணையில், இந்திய இறாலுக்கு மானியம் உண்டு என்று அமெரிக்க வர்த்தக இலாகா கூறியது. ஆயினும் உள்நாட்டுத் தொழிலுக்குப் பாதிப்பு மெய்ப்பிக்கப்படவில்லை என்று கமிஷன் முடிவு செய்ததால் தீர்வை விதிக்கப்படவில்லை. 2023 அக்டோபரில் மீண்டும் மனு வந்தது. இம்முறை பாதிப்பும் ஒப்புக்கொள்ளப்பட்டது. 2024 டிசம்பரில் மானிய ஈட்டுத் தீர்வை விதிக்கப்பட்டது. தனியாக விசாரிக்கப்படாத இந்திய ஏற்றுமதியாளருக்கு 5.77 சதவிகிதம். 2025-இல் அந்நாடு இந்தியச் சரக்குகள் பலவற்றின்மீது விதித்த கூடுதல் வரி வேறொரு சட்டத்தின் கீழ் வந்தது. அதனை இதனோடு குழப்பிக்கொள்ளலாகாது.

கணக்கிலும் வழக்கு உண்டு

தீர்வையின் விகிதத்தைக் கணக்கிடும் முறையே ஒரு போராட்டக் களம். ஏற்றுமதியாளர் ஒருவர் தம் நாட்டு விலையைக் காட்டிலும் 10 ரூபாய் குறைத்து ஒரு சரக்கையும், 10 ரூபாய் கூட்டி மற்றொரு சரக்கையும் விற்கிறார் என்று கொள்வோம். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் வித்தியாசம் ஏதுமில்லை. ஆனால் கூட்டி விற்றதைக் கணக்கில் பூஜ்யம் என்று வைத்துக்கொண்டு, குறைத்து விற்றதை மட்டும் எண்ணினால் 10 ரூபாய்ப் பொருட்குவிப்பு தோன்றிவிடும். ஐரோப்பியர் நம் பருத்திப் படுக்கை விரிப்புகளுக்கு இம்முறையில் தீர்வை விதித்தபொழுது, இந்தியா வழக்குத் தொடுத்து 2001 மார்ச்சில் வென்றது. இதே பூஜ்ய முறையை எதிர்த்து ஈக்வடார் தன் இறாலுக்காக வாதாடி, 2007-இல் தீர்வையிலிருந்து விடுபட்டது. கணக்குத் தெரிந்தவன் கரையேறினான் என்பதற்கு இஃது ஒரு சான்று.

சுமை யார் தலையில்?

தீர்வையைத் துறைமுகத்தில் செலுத்துபவர் அமெரிக்க இறக்குமதியாளர். பின் குட்டைக்கரையில் விலை ஏன் இறங்குகிறது? விளக்கத்திற்காக ஒரு கற்பனைக் கணக்கைப் பார்ப்போம்.

அமெரிக்காவில் வாங்குவோர் ஒரு கிலோ இறாலுக்கு 500 ரூபாய்க்கு மேல் தரமாட்டார் என்று வைத்துக்கொள்வோம். பதப்படுத்தல், குளிர்பதனம், கப்பற் கட்டணம் முதலிய இடைச் செலவு 150 ரூபாய். எஞ்சும் 350 ரூபாய் குட்டைக்கரை விலை. குஞ்சு, தீவனம், மின்சாரம், வட்டி உட்பட வளர்ப்பவரின் செலவு 290 ரூபாய் எனில், இலாபம் 60 ரூபாய்.

இப்பொழுது 10 சதவிகிதத் தீர்வை வருகிறது. தீர்வையும் சேர்த்து 500 ரூபாயில் அடங்க வேண்டுமாயின், தீர்வை நீங்கிய விலை ஏறக்குறைய 454 ரூபாய் 50 காசு. இடைச் செலவாகிய 150 ரூபாய் குறையாது. ஆகவே குட்டைக்கரை விலை 304 ரூபாய் 50 காசு ஆகிறது. தீர்வை 10 சதவிகிதம். குட்டைக்கரை விலையிறக்கம் 13 சதவிகிதம். இலாபத்தின் இறக்கமோ நான்கில் மூன்று பங்கு! 60 ரூபாய் இலாபம் 14 ரூபாய் 50 காசாகிவிட்டது. இதுவே முதியவரின் கேள்விக்கு நேரான விடை.

ஆனால் முழுச் சுமையும் எப்பொழுதும் வளர்ப்பவர் தலையிலேயே விழும் என்பதில்லை. வாங்குவோருக்கு வேறு வழி குறைவாக இருந்தால், அங்கே விலை 525 ரூபாயாக ஏறலாம்; அப்பொழுது குட்டைக்கரை விலை சுமார் 327 ரூபாயில் நிற்கும். சுமை பாதிப் பாதியாகப் பிரிந்துவிட்டது. தீர்வைக்கு உட்படாத வேறொரு நாடு அதே இறாலை விற்குமாயின், வாங்குவோர் அங்கே திரும்புவர். நம் சுமை மிகும். விற்பவருக்கு வேறு சந்தை இருந்தால் அவர் சுமை குறையும். எவனுக்கு மாற்று வழி இல்லையோ அவனே வரியைத் தாங்குகிறான் என்பது பொருளாதாரத்தின் பழைய பாடம். குட்டையில் வளர்ந்துவிட்ட இறாலை அடுத்த மாதம் வரை நிறுத்திவைக்க முடியாதவனே மாற்று வழி மிகக் குறைந்தவன்.

இன்னொரு தொல்லையும் உண்டு. அமெரிக்க முறையில் முதலில் கட்டுவது முன்பணமே. இறுதி விகிதம் பின்னர் ஆண்டு மறுபரிசீலனையில் முடிவாகும். நாளை எவ்வளவு கட்ட நேரும் என்று அறியாத இறக்குமதியாளர் அந்த அச்சத்திற்கும் ஒரு விலை வைக்கிறார். அதுவும் குட்டைக்கரை விலையிலிருந்தே கழிகிறது.

நாணயத்தின் மறுபக்கம்

அயல்நாட்டாரை மட்டும் குறைகூறி முடித்துவிடுவது நேர்மையாகாது. நாமும் இத்தீர்வையை விதிக்கிறோம். 2003-ஆம் ஆண்டில் சீன மல்பெரிக் கச்சாப் பட்டுக்கு இந்தியா பொருட்குவிப்புத் தடுப்புத் தீர்வை விதித்தது. மலிவான சீனப் பட்டு நூல் வந்து குவிந்தால், நம் கூட்டு விலை வீழும். கிருஷ்ணகிரி, தருமபுரிப் பகுதிகளில் மல்பெரித் தோட்டம் வைத்துள்ள சிறு விவசாயியின் நிலை என்னாவது? மல்பெரி ஆண்டுப் பயிரன்று. ஒருமுறை நட்டால் பல்லாண்டுகள் பலன் தருவது. விலை வீழ்ந்த ஆண்டில் வேரோடு பெயர்த்துவிட்டால், விலை ஏறிய மறு ஆண்டில் அதனைத் திரும்பப் பெற இயலாது. அவருக்குச் சற்று அவகாசம் அளிப்பது நியாயமே.

ஆனால் காஞ்சிபுரத்திலும் ஆரணியிலும் தறியில் அமர்ந்திருப்பவரும் நம்மவரே. நூல் விலை ஏறினால் சேலை விலை ஏறும். சேலை விலை ஏறினால் விற்பனை குறையும். விற்பனை குறைந்தால் தறி நிற்கும். கூட்டு விவசாயிக்குக் கிடைத்த கூடுதல் விலை நெசவாளர் கொடுத்ததே. சுங்கத்தில் வசூலான தீர்வையும் அவ்வாறே. இவ்விரண்டும் ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்கு மாறியவை. ஆனால் நூல் கட்டுப்படியாகாமல் தறியை விட்டுக் கூலி வேலைக்குச் சென்ற நெசவாளரின் இழப்பு எவருக்கும் வரவாக மாறவில்லை. அது நாட்டுக்கே நட்டம். பெரும்பாலான சமயங்களில் தீர்வையால் விளையும் மொத்த நட்டம் மொத்த இலாபத்தை விஞ்சிவிடும் என்று பொருளாதார அறிஞர் கூறுவதன் கருத்து இதுவே.

ஈரோடு, பள்ளிபாளையம் பகுதிகளில் ரேயான் துணி நெய்யும் விசைத்தறியாளரும் இதனை அனுபவத்தில் அறிவர். சீனா, இந்தோனேசியா நாடுகளின் விஸ்கோஸ் இழைக்கு 2010-இல் விதிக்கப்பட்ட தீர்வை, நூற்பாலைகளின் நெடிய வேண்டுகோளுக்குப் பின் 2021 ஆகஸ்டில்தான் நீங்கியது. இழை உற்பத்திக்கு அரணாக நின்ற தீர்வை, அவ்விழையை நம்பிய நூற்பாலைக்கும் தறிக்கும் சுமையாக இருந்தது.

இந்திய விதிகளில் ஒரு நல்ல அம்சம் உண்டு. பொருட்குவிப்பு 25 சதவிகிதமாயினும், உள்நாட்டுத் தொழிலின் பாதிப்பை நீக்க 12 சதவிகிதம் போதுமெனில், 12 மட்டுமே விதிக்கப்படும். அமெரிக்கச் சட்டத்தில் இந்தச் சிக்கனம் இல்லை.

கணக்குப் புத்தகமே சாட்சி

இத்தீர்வைகளை மிகுதியாகப் பெறுவோர் யார்? எஃகு, ரசாயனம் முதலிய பெருந்தொழில்களே. காரணம் எளிது. மனுவை ஆதரிப்போர் உள்நாட்டு உற்பத்தியில் குறைந்தது 25 சதவிகிதத்திற்கு உரியவராக இருக்க வேண்டும். ஆதரிப்போரின் உற்பத்தி எதிர்ப்போரின் உற்பத்தியை விஞ்சவும் வேண்டும். மூன்று ஆலைகள் உள்ள தொழிலில் மூவர் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்தால் போதும். மூவாயிரம் கிராமங்களில் சிதறிக் கிடக்கும் உற்பத்தியாளர் எங்கே கூடுவர்? சிதறிய தொழில்களுக்கு மாதிரிக் கணக்கெடுப்பின் வாயிலாக ஆதரவை அளக்கலாம் என்று உலக உடன்படிக்கையிலேயே சலுகை உண்டு. ஆயினும் விற்பனை, செலவு, இலாப நட்டம் ஆகியவற்றை ஆண்டுவாரியாக எழுதிவைக்காதவரின் பாதிப்பை எந்த அதிகாரியாலும் அளக்க முடியாது. கண்ணீர் சாட்சியாகாது, கணக்கே சாட்சியாகும்.

தற்காப்புக்கும் இதுவே வழி. மானிய வழக்கில் அமெரிக்க அதிகாரிகள் ஏற்றுமதி நிறுவனத்தின் ஏடுகளோடு நிற்பதில்லை. குட்டையில் வளரும் இறாலுக்குக் கிடைத்த உதவியையும், பதப்படுத்திய இறாலுக்குக் கிடைத்த உதவியாகவே எண்ண அந்நாட்டுச் சட்டம் வழி செய்கிறது. ஆகவே, ஒரு தொழிலுக்கென்று தனியாக வழங்கப்படும் மானியம், என்றேனும் ஒருநாள் கடல் கடந்த விசாரணையில் ஒரு வரியாக இடம்பெறக் கூடும். எந்தத் திட்டத்தில், எவருக்கு, எவ்வளவு என்பது தெளிவாக இருந்தால் உள்ளது மட்டும் எண்ணப்படும். ஏடு இல்லையெனில், எதிர்த்தரப்பு கூறுவதே உண்மையாகக் கொள்ளப்படலாம். மானியப் பதிவேடுகளைக் கவனமாக வைக்க வேண்டும் என்று என்போன்ற அலுவலர்கள் உணர்வதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டுவதில்லை.

யாவருக்கும் பொதுவான சாலை, பாலம் முதலிய அடிப்படை வசதிகளோ உடன்படிக்கையின்படி மானியம் ஆகா. அன்று நான் பார்வையிடச் சென்ற சாலையில் இறால் வண்டியும் போகும், நெல் வண்டியும் போகும், பள்ளிப் பிள்ளைகளும் போவர். அந்தச் சாலைக்கு எந்த நாடும் ஈட்டுத் தீர்வை விதிக்க முடியாது. கிராமத்தின் உற்பத்திச் செலவைக் குறைக்கும் வழிகளில், எவரும் குறைகூற இயலாத வழி இதுவே.

நாம் செய்யத்தக்கவை

முதலாவதாக, ஒவ்வொரு பிடிப்புக்கும் குஞ்சு, தீவனம், மின்சாரம், கூலி, வட்டி, எடை, கவுண்ட், விலை ஆகியவற்றை ஒரு நோட்டுப் புத்தகத்திலாவது தேதியிட்டு எழுதிவைத்தல் வேண்டும். இரண்டாவதாக, வளர்ப்போர் சங்கமாகவோ கூட்டுறவாகவோ சேர்ந்து அக்கணக்குகளைத் தொகுத்தல் வேண்டும். ஒருவர் நோட்டு அவருக்கு மட்டும் பயன்படும். நூறு பேர் நோட்டு விசாரணை மன்றத்தில் பேசும். மூன்றாவதாக, ஒரே நாட்டையும் ஒரே வியாபாரியையும் நம்பியிராமல், உள்நாட்டு நகரங்கள் உட்பட வேறு சந்தைகளைத் தேடுதல் வேண்டும். நான்காவதாக, நம் தொழிலுக்குத் தீர்வைப் பாதுகாப்புக் கோரும்பொழுது, அதன் விலையைச் செலுத்தப்போகும் அடுத்த ஊர்க்காரரையும் எண்ணிப் பார்த்து, வேண்டிய அளவே, வேண்டிய காலத்திற்கே கோருதல் வேண்டும்.

சில வாரங்களுக்குப் பின், மேற்கூறிய கணக்கை ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோய் அந்த முதியவரிடம் காட்டினேன். அவர் நெடுநேரம் பார்த்துவிட்டு, "இதில் என் செலவு இருநூற்றுத் தொண்ணூறு என்று போட்டிருக்கிறீர்களே, ஐயா, என் உண்மையான செலவு எவ்வளவு என்று எனக்கே தெரியாதே" என்றார். பிறகு கல்லூரியில் படிக்கும் தம் பேத்தியை அழைத்து, அடுத்த பிடிப்பிலிருந்து கணக்கு எழுதும்படி கூறினார். அயல்நாட்டுத் தீர்வையை நீக்குவது அவர் கையிலும் இல்லை, என் கையிலும் இல்லை. தம் செலவைத் தாமே அறிவது அவர் கையில் இருக்கிறது. விலை பேசும் வேளையில், தம் கட்டுப்படி இன்னதென்று அறிந்த வளர்ப்பாளரை எந்த வியாபாரியும் எளிதில் ஏய்க்க முடியாது. நம் கிராமங்கள் தொடங்க வேண்டிய இடம் அதுவே.